குட்டையில் ஊற்றிய பால்

குட்டையின் அடித்தரை தெரிந்தது. அதைப் பார்த்த அதிர்ச்சியில் சந்திரம்மாள் கையிலிருந்த பால் தூக்கை நழுவ விட்டுவிட்டாள்.

"ஆர்த்தி! ஏய் ஆர்த்தி! ஓடியாடி! இங்க வந்து பாருடி, இன்னா ஆயிருக்குதுன்னு!"

மருமகள் ஆர்த்தி வாயெல்லாம் பேஸ்ட் நுரையோடு ஓடிவந்தாள். பாம்பு கடித்துவிட்டதோ, மாடு தண்ணீரில் விழுந்துவிட்டதோ என்று அவளுக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. வந்து பார்த்தால் மாமியார் கரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து தண்ணீருக்குள் விரலை நீட்டிக்கொண்டிருக்கிறாள்.

"அந்தப் படி தெரியுதா? கருங்கல் படி. உங்க மாமா அவர் கையாலயே போட்டது. அவர் போய்ச் சேந்தப்புறம் நான் அந்தப் படியக் கண்ணால பாத்ததே இல்லடி. அண்ணாமலையாரே! கண்ணத் தொறந்துட்டியே!"

ஆர்த்தி துப்பிவிட்டு வந்து சிரித்தாள். "அண்ணாமலையார் இல்ல அத்தை. நம்ம சிப்பி."

"போடி! சிப்பியாம் சிப்பி. யாருக்குக் காது குத்தற?"

அவள் நம்பாததிலும் தப்பில்லை. அந்தக் குட்டையின் லட்சணம் அப்படி. அடி அண்ணாமலைப் பக்கம் கிரிவலப் பாதையை ஒட்டினாற்போல அவர்கள் நிலம், நிலத்தின் பள்ளத்தில் குட்டை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்ற ஜனம் கடல் மாதிரி வரும். அத்தனை பேருக்கும் அன்னதானம் போடுகிற புண்ணியவான்கள், அண்டா கழுவின தண்ணீரையும் எச்சில் இலையையும் எங்கே கொட்டுவார்கள்? பள்ளம் பார்த்துத்தான். அது வாய்க்கால் வழியாக நேரே இவர்கள் குட்டைக்குத்தான் வந்து சேரும். தண்ணீர் பச்சை பெயிண்டைக் கொட்டியது போல இருந்தது. மாடு கிட்டே போய் மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில்கூட அந்த நாற்றம் வந்துவிட்டது. சாயங்காலம் ஆனால் கொசு ஆளைத் தூக்கிக்கொண்டு போகும்.

சந்திரம்மாளின் மகன் பாலாஜி ரமணாசிரமம் பக்கம் வெளியூர்க்காரர்களுக்குக் கார் ஓட்டுகிறவன். கெட்ட பிள்ளை இல்லை. ஆனால் அவன் கண் அந்தக் குட்டை மேல்தான். நில புரோக்கர் வல்லரசு அவன் காதில் ஓதிக்கொண்டே இருந்தான்: குட்டையை மூடி கெஸ்ட் ஹவுஸ் கட்ட ஒருத்தர் தயாராக இருக்கிறார், மலை அப்படியே கண்ணுக்கு நேரே தெரிகிற இடம், விட்டால் கிடைக்காது என்று.

"நாறிப்போன குட்டைய வெச்சிக்கினு இன்னாம்மா பண்ணப்போற?" என்பான் பாலாஜி. பத்திரம் சந்திரம்மாள் பேரில் இருந்தது. அவள் அசையவே இல்லை. புருஷன் வெட்டின குட்டை அது. அவர் கைபட்டது என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு வேறு ஒன்றும் மிச்சமில்லை.

இந்தச் சண்டை நடுவில்தான் ஆர்த்தி முத்துச் சிப்பி வளர்க்கும் பயிற்சிக்குப் போய்வந்தாள். முதலில் வாய்க்கால் வாயை மண் போட்டு அடைத்தாள். அடைத்தும் பச்சை போகவில்லை. அப்புறம் சாத்தனூர்ப் பக்கம் மீன் பிடிக்கிறவர்களிடம் சொல்லிவைத்து, மூட்டை மூட்டையாக நன்னீர்ச் சிப்பி கொண்டுவந்து இறக்கினாள். ஒவ்வொரு சிப்பியையும் நோகாமல் இத்தனூண்டு திறந்து, உள்ளே பிள்ளையார் அச்சு ஒன்றை வைத்து மூடினாள். மூடினதை வலைப்பையில் போட்டு, காலி கேன்களை மிதக்கவிட்டு, அதிலே வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டாள். சிப்பி அந்த அச்சு மேல் முத்துப் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசிக்கொண்டே வருமாம். ஒரு வருஷத்துக்கு மேல் போனால் முத்துப் பிள்ளையார்.

சந்திரம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு கரையிலேயே நின்றாள். "கவுச்சியக் கொண்டாந்து சாமி சுத்தற பாதையில கட்டித் தொங்க விடறாளே, இவள இன்னா பண்றது!"

"அதுக்கு நாம தீனி போட வேணாம் அத்தை. உரம், மருந்து ஒண்ணும் வேணாம். தண்ணியில இருக்கற பச்சையத்தான் அது தின்னும். அழுக்குத் தண்ணிய உள்ள இழுத்து, நல்ல தண்ணியா வெளிய விடும். குட்டையும் சுத்தமாகும், நமக்கும் வருமானம்."

"நல்லா அளக்கற."

பாலாஜி மட்டும் ஒரு பேச்சுப் பேசினான். "சரி. இந்தச் சிப்பி ஒரு தடவ உசுரோட முத்து குடுத்துடட்டும். அப்புறம் நான் நிலத்துப் பேச்சையே எடுக்கல. செத்துதுன்னா, அம்மா, நீ மூச்சு விடாம கையெழுத்துப் போடணும். சம்மதமா?"

மாமியாரும் மருமகளும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கல்யாணம் ஆனதிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் ஒரே கட்சியில் நின்றது அன்றைக்குத்தான்.

வல்லரசு டேப் பிடித்துக் குட்டையை அளக்க வந்தான் பாருங்கள், அன்றைக்குச் சந்திரம்மாள் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் மலையைப் பார்த்து நின்றாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. 'அண்ணாமலையாரே, அந்தக் கண்றாவி சிப்பி செத்துடக் கூடாது. குட்டை என் கைய வுட்டுப் போகக் கூடாது. நல்ல சேதி ஒண்ணு காட்டு. இந்தத் தண்ணிக்கே பால் அபிஷேகம் பண்றேன்.' இதை அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. வேண்டுதலை வெளியில் சொன்னால் பலிக்காது என்பது அவள் கட்சி.

இப்போது அடித்தரை தெரிகிறது. இதைவிட என்ன சேதி வேண்டும்!

பௌர்ணமிக்கு முதல் நாள் ஆர்த்தி புதுச்சேரி கிளம்பினாள். பதம் பார்க்க இரண்டு சிப்பியைத் திறந்திருந்தாள். உள்ளே பால் நிறத்தில், தும்பிக்கை மினுங்க, குட்டிப் பிள்ளையார்! அதைக் கையில் வாங்கிப் பார்த்தபோது சந்திரம்மாளுக்கே மயிர்க்கூச்செறிந்தது. புதுச்சேரியில் நகைக்கடை வைத்திருக்கும் சந்திரகலா என்கிற அம்மாள் அதை நேரில் பார்க்க வேண்டும் என்று போனில் சொல்லியிருந்தாள்.

"நாளன்னைக்குக் காலையில வந்துடுவேன் அத்தை. இன்னும் ஒரு மாசந்தான், எல்லாத்தையும் எடுத்துடலாம். பௌர்ணமி கூட்டம் வரும், குட்டையில யாரையும் கால் வைக்க வுடாதீங்க."

"நான் எதுக்குடி இருக்கேன்? போய்ட்டு வா."

கால் வைக்கக் கூடாது என்றுதான் ஆர்த்தி சொன்னாள். பால் ஊற்றக் கூடாது என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

பௌர்ணமி அன்று காலையில் சந்திரம்மாள் தலைக்குக் குளித்தாள். இரண்டு மாட்டிலும் கறந்த பாலைச் சொட்டு விடாமல், வாடிக்கைக்காரர்கள் எல்லோரையும் ஏமாற்றிவிட்டு, குட்டைக்குக் கொண்டுபோனாள். புருஷன் போட்ட படியில் நின்று, சொம்பு சொம்பாக மொண்டு ஊற்றினாள். தெளிந்த தண்ணீரில் பால் வெள்ளைப் புகை மாதிரி சுருண்டு சுருண்டு இறங்கி, வலைப்பைகளைச் சுற்றிப் பரவியது. கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டாள்.

"இன்னாக்கா இது? குட்டைக்குப் பால் ஊத்தற?"

திரும்பினால் தங்கம்மாள். பாதையோரம் பூக்கடை போட்டிருப்பவள். அவள் வாயில் ஒரு சேதி விழுந்தால் போதும், மைக் செட்டே வேண்டாம்.

"வேண்டுதல் தங்கம்மா. பாரு, சாக்கடையா இருந்த தண்ணி எப்படித் தெளிஞ்சிருக்குதுன்னு. அண்ணாமலையார் கருணைதான், வேற இன்னா?"

தங்கம்மாள் எட்டிப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போனாள்.

அவ்வளவுதான். சந்திரம்மாள் வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்துவிட்டு வருவதற்குள் குட்டையைச் சுற்றி ஜனம்! அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. 'தீர்த்தம் பொறந்திருக்குது, நாறின தண்ணி ஒரே ராத்திரியில தெளிஞ்சிட்டுது' என்று பாதை முழுக்கப் பேச்சு. பாக்கெட் பாலைப் பல்லால் கடித்துத் திறந்து ஊற்றுகிறார்கள். மஞ்சள் தூளைக் கொட்டுகிறார்கள். விபூதியைப் பொட்டலத்தோடு எறிகிறார்கள். ஒரு ஆள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டிருக்கிறான்!

முதலில் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. தன் புருஷன் வெட்டின குட்டைக்கு இத்தனை பேர் கும்பிடு போடுகிறார்களே என்று நெஞ்சு நிமிர்ந்தது. ஒருத்தன் வலைப்பைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முங்கியபோதுதான் அவளுக்குச் சுரீர் என்றது.

"யப்பா, எறங்காதீங்க! கரையிலேயே நின்னு கும்புடுங்க! சிப்பி இருக்குது சாமி, காலக் கீலக் கிழிச்சிடும்!"

"யம்மா, ஒதுங்கு. தீர்த்தம் இன்னா உங்க வூட்டு சொத்தா?"

"எங்க வூட்டு சொத்துதான்யா! பத்திரமே என் பேர்லதான் இருக்குது!"

யார் கேட்கிறார்கள்? ஒரு கிழவர் அவளையே உட்காரவைத்து அவள் தலையில் நாலு சொட்டுத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். சாயங்காலம் வரைக்கும் கத்திக் கத்தி அவள் தொண்டை கட்டிப்போனது. பாலாஜிக்குப் போன் போட்டால், பௌர்ணமிச் சவாரியில் மாட்டிக்கொண்டிருக்கிறேன், நாளைக்கு வருகிறேன் என்றான்.

மறுநாள் காலையில் ஆர்த்தி பஸ்ஸை விட்டு இறங்கி, சிரித்த முகமாக வந்தாள். சந்திரகலாவுக்குப் பிள்ளையார் ரொம்பப் பிடித்துவிட்டது, மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிறேன் என்றுவிட்டாள். சொல்லிக்கொண்டே வந்தவள், வாசலிலேயே நின்றாள். மூக்கைச் சுருக்கினாள்.

"அத்தை, என்ன நாத்தம் இது?"

பதிலுக்குக் காத்திருக்காமல் ஓடினாள். சந்திரம்மாள் பின்னாலேயே போனாள்.

குட்டை வெளுத்து, புளித்த மோர் மாதிரி திரிதிரியாகக் கிடந்தது. பூமாலை அழுகிக் கரையில் ஒதுங்கியிருந்தது. ஆர்த்தி சுடிதாரோடு உள்ளே இறங்கி ஒரு வலைப்பையை இழுத்தாள். உள்ளே இருந்த சிப்பி எல்லாம் ஒன்று விடாமல் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அடுத்த பை. அதுவும் அப்படியே. அதற்கடுத்தது. உயிருள்ள சிப்பியைத் தொட்டால் படக்கென்று மூடிக்கொள்ளும் என்று சந்திரம்மாளுக்கே தெரியும், அவளே ஒளிந்து ஒளிந்து தொட்டுப் பார்த்திருக்கிறாள். ஆர்த்தி ஒவ்வொன்றாகத் தொட்டாள். ஒன்றும் மூடவில்லை.

அந்தப் பெண் அழவில்லை. பேயறைந்தவள் போலத் தண்ணீரிலேயே நின்றாள்.

"யார் அத்தை? யார் பண்ணது?"

"கூட்டம் வந்துட்டுது ஆர்த்தி. தீர்த்தம், தீர்த்தம்னு... சோப்பு போட்டாங்க, ஷாம்பு போட்டாங்க..."

"பால் ஊத்தினாங்களா?"

"ஊ... ஊத்தினாங்க."

"அதுதான். சோப்பெல்லாம் அப்புறம். பால் தண்ணியில கெட்டுதுன்னா, தண்ணியில இருக்கற காத்தையெல்லாம் அது இழுத்துக்கும் அத்தை. சிப்பி மூச்சு முட்டிச் செத்துடும். யாரு மொதல்ல ஊத்தினது? அந்தத் தங்கம்மாதானே? அவ வாய..."

சந்திரம்மாள் படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். பாவி, அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கிணற்று ஓரத்து மூலையில், கூட்டம் எட்டாத இடத்தில் தொங்கின ஒரே ஒரு பையில் மட்டும் சிலது தொட்டதும் மூடிக்கொண்டன. ஆர்த்தி அவற்றை எடுத்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற நீலத் தொட்டியில் போட்டாள். பாதிக்குக் கிணற்றுத் தண்ணீரும், மீதிக்கு, வேலிக்கு அந்தப் பக்கம் அர்ஜுனன் நிலத்துக் குட்டையிலிருந்து மொண்டுவந்த பச்சைத் தண்ணீரும் ஊற்றினாள். அதற்குத் தின்ன ஏதாவது வேண்டுமே. பிறகு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள்.

பாலாஜி வந்து பார்த்தான். "நாளைக்கு வல்லரச வரச்சொல்றேன்" என்று மட்டும் சொன்னான்.

விடிந்ததும் சந்திரம்மாள் மாட்டை அவிழ்க்கக் கொட்டகைக்குப் போனாள். நீலத் தொட்டியைத் தாண்டும்போது கண் தற்செயலாக உள்ளே போனது. நின்றுவிட்டாள்.

தொட்டியின் அடி தெரிந்தது.

நேற்று கையை விட்டால் விரல் தெரியாத தண்ணீர். இப்போது அடியில் உரசின கீறல்கூடத் தெரிகிறது. எப்போதோ விழுந்த ஒரு ரூபாய்க் காசு பளபளக்கிறது. காசைச் சுற்றிச் சிப்பிகள், உதட்டை இத்தனூண்டு திறந்துகொண்டு, தம் வேலையைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. பூசாரி இல்லை, பாட்டு இல்லை, கற்பூரம் இல்லை.

"அடிப்பாவி" என்றாள் சந்திரம்மாள். ஆர்த்தியைச் சொல்லவில்லை. தன்னையே சொல்லிக்கொண்டாள். படியைக் காட்டிக்கொடுத்தது இதுகள்தான். கிணற்றுத் தண்ணீரில் நாற்றம் போனதும், மாடு மறுபடி குட்டையில் வாய் வைத்ததும் இதுகளால்தான். நன்றி சொல்கிறேன் பேர்வழி என்று போய், நன்றிக்கு உரியவனையே கொன்றுபோட்டு வந்திருக்கிறாள்.

வல்லரசு புதுச் சட்டையும் சந்தனப் பொட்டுமாக வந்தான். பாலாஜி நாற்காலி எடுத்துப் போட்டான். ஆர்த்தி கதவோரம் நின்றாள், முகம் வீங்கியிருந்தது.

"அம்மா, பேசினது பேசினபடி" என்றான் பாலாஜி. "நான் ஒண்ணும் சந்தோஷப்படல. ஆனா இந்தச் சிப்பி வளக்கறதுலாம் நமக்கு ஒத்துவராது. பாத்துட்டோம். செத்துடுச்சு."

"சாவலடா."

"இன்னா?"

"அதுவா சாவல. நான் கொன்னேன்." சந்திரம்மாளின் குரல் கரகரத்தது. "மொத சொம்புப் பால் என் கையால ஊத்தினேன். வேண்டுதல்னு ஊத்தினேன். தங்கம்மா என்னைப் பாத்துட்டுத்தான் ஊரக் கூட்டினா. சிப்பி பொழச்சி, முத்து வெச்சி, தண்ணியையும் கண்ணாடியா ஆக்கி வெச்சுது. ஒரு கொறையும் வெக்கல. நாந்தான் அதோட கழுத்த நெரிச்சிட்டேன்."

ஆர்த்தி மாமியாரைப் பார்த்தாள். அந்தப் பார்வையைச் சந்திரம்மாளால் தாங்க முடியவில்லை. செருப்பால் அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

"நீயா?" என்றான் பாலாஜி. பிறகு தலையை ஆட்டினான். "யார் கொன்னா இன்னா? செத்தது செத்ததுதானே."

"போன தீபாவளிக்கு உன் கார ஒருத்தன் பின்னாடி வந்து இடிச்சானே, கார் ஓட்டறது ஒத்துவராதுன்னு வித்துட்டியா நீ? எழுந்து வா இங்க!"

மகன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வல்லரசும் என்னவோ ஏதோ என்று பின்னால் ஓடினான். தொட்டி முன்னால் நிறுத்தினாள்.

"இதுல பாதி அர்ஜுனன் குட்டைத் தண்ணி. நேத்து உன் பொண்டாட்டி ஊத்தினது. அங்க போய் அந்தப் பச்சையப் பாத்துட்டு வா. வந்து இதப் பாரு. ஒரு கை சிப்பி ஒரு ராத்திரியில பண்ணது இது. அடியில கெடக்கற காசு தலையா பூவான்னு உனக்குத் தெரியுதா இல்லியா?"

பாலாஜி குனிந்து பார்த்தான். வேலிப்பக்கம் போய் அர்ஜுனன் குட்டையையும் எட்டிப் பார்த்தான். திரும்பி வந்து மறுபடி தொட்டியைப் பார்த்தான்.

"பூ" என்றான்.

"தப்பு என் மேல. நெலத்து மேல இல்ல, சிப்பி மேல இல்ல, இவ மேலயும் இல்ல. கையெழுத்து வேணும்னா கேளு, பேசினது பேசினபடி போட்டுத் தரேன். ஆனா ஒத்துவரலன்னு மட்டும் சொல்லாத."

வல்லரசு கனைத்தான். "தம்பி, நேரம் ஆவுது. ராகுகாலம் வந்துடும்."

பாலாஜி ரொம்ப நேரம் காசையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீங்க போங்கண்ணே" என்றான் கடைசியில். "இன்னொரு தடவ பாக்கறோம். ஒரே தடவ."

ஆர்த்தி அப்போதும் பேசவில்லை. அதற்கப்புறமும் மாமியாரிடம் பேசவில்லை. குட்டையை இறைத்துச் சேற்றை வாரியபோது மாமியாரும் மருமகளும் எதிரெதிர்ப் பக்கத்தில் நின்று வாரினார்கள். செத்த சிப்பிகளைத் திறந்து பார்த்தார்கள். பாதிக்கு மேல் பிள்ளையார் இருந்தார். சிலருக்குப் பூச்சு முழுசாக ஏறி, கழுவினால் தேறுகிற மாதிரி. பலருக்கு முகம் ஒரு பக்கம்தான் வந்திருந்தது. அந்தப் பாதி முகங்களைச் சந்திரம்மாள் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பாதையோரம் கம்பி வேலி போட்டார்கள். அடுத்த பௌர்ணமிக்குச் சந்திரம்மாள் வேலிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். பால் பாக்கெட்டோடு வந்தவர்களிடம் அவள் போட்ட சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. "தீர்த்தமும் இல்ல ஒண்ணும் இல்ல! சிப்பி போடப்போறோம், போங்க! அந்தப் பாலப் பசிச்ச வயித்துக்கு ஊத்துங்க!" தங்கம்மாள் மூக்கின் மேல் விரலை வைத்துக்கொண்டாள்.

மழை பெய்து குட்டை நிறைந்து, பச்சை கட்டினதும் புதுச் சிப்பி வந்து இறங்கியது. ஆர்த்தி அச்சு வைத்து மூடினாள், பாலாஜி கேன்களைக் கட்டினான். கடைசி வலைப்பையைச் சந்திரம்மாள் கையில் கொண்டுவந்து கொடுத்தான் பாலாஜி, நீயே கட்டும்மா என்று. அவள் படியில் இறங்கி முடிச்சுப் போட்டாள். பை மெல்ல உள்ளே இறங்கிக் கண்ணுக்கு மறைந்தது. எதிரே மலை பளிச்சென்று நின்றது. அவளை அறியாமல் அவள் இரண்டு கையும் மேலே எழுந்து, குவிந்து, உதடு முணுமுணுக்க ஆரம்பித்தது.

படக்கென்று ஆர்த்தி தண்ணீரில் இறங்கி வந்து, குவிந்த அந்தக் கைகளை அப்படியே பிடித்துக்கொண்டாள். இத்தனை நாளில் அவள் வாயைத் திறந்தது அப்போதுதான்.

"அத்தை, உங்க கால்ல வேணா விழறேன். இந்தத் தடவ மட்டும் எதையும் வேண்டிக்காதீங்க."